மருந்து அடித்தவரும் மருந்து பட்டவரும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நம் மிளகு விவசாயிகள் கூட்டமைப்பு அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மிளகை எந்தப் பதத்தில் பறிப்பது, எப்படிக் காயவைப்பது, மாதிரி எடுக்க மூட்டையை எங்கே குத்துவது என்றெல்லாம் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவள் வந்து அதையே திரும்பச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் நான் சீரங்கனைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் யாரும் அவரைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் நீங்கள் தினமும் கையில் வைத்துக்கொண்டு காடு காடாக, தோட்டம் தோட்டமாகப் போகிறீர்களே அந்த விதிகள், அவற்றில் பாதி அவர் வாயிலிருந்து வந்தவை.

நான் திருச்செங்கோட்டுக்காரி. தரக்கட்டுப்பாட்டு அலுவலராகக் கொல்லிமலைக்கு வந்த புதிதில், கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும். அப்படி வாடிப்போய்ச் செம்மேட்டில் இறங்கி நின்ற ஒரு நாளில்தான் அவரை முதலில் பார்த்தேன். "ஏனுங்க மேடம், மொத நாளே மலை உங்களைத் தொரத்துதாட்ட இருக்குதுங்களே" என்று சிரித்தார். ஒல்லியான மனிதர். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அவர் தேவனூர் நாட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார். கீழே காப்பி, ஓரத்தில் வாழை, வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் சாமை.

அப்போது ஒவ்வொரு நாட்டு விவசாயிகளும் தனித்தனிக் குழுவாக இருந்தார்கள். மலையேறி வருகிற வியாபாரி இந்த நாட்டில் ஒரு பேச்சும் அடுத்த நாட்டில் வேறு பேச்சும் பேசி, எல்லோரையும் குறைந்த விலைக்கு மடக்கிவிடுவான். சீரங்கன் ஊர் ஊராக நடந்தார். ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரரை நம்ப மாட்டார் என்ற நிலையில், எல்லோரையும் ஒரே கூட்டமைப்பாக உட்கார வைத்தார். அவரைத் தலைவராக்கினார்கள். தலைவராக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. கூட்டத்துக்கு வரும்போது சட்டையில் கஞ்சி மொடமொடக்கும். அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் கோபமும் வரும்.

மார்த்தா வந்தது அதற்குப் பிறகு. ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரில் அவருக்கு மசாலா அரைக்கும் மில் இருந்தது. அவருடைய மில்லைப் போலவே பல நாடுகளில் இருந்த சின்னச் சின்ன மில்கள் சேர்ந்து, மிளகைக் கூட்டாக வாங்க முடிவு செய்திருந்தன. அதற்காகத்தான் நம் மலையைத் தேடி வந்தார். வெள்ளைக்காரி என்று முதலில் ஒதுங்கி நின்ற பெண்கள், அவர் அன்னாசிப்பழத்தைக் கையெல்லாம் சாறு வழியக் கடித்துத் தின்பதைப் பார்த்ததும் கிட்டே வந்துவிட்டார்கள்.

சீரங்கன் வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பேசினோம். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். சீரங்கனுக்கு ஒரு சந்தேகம்.

"நீங்கெல்லாம் வசதியான நாட்டுக்காரங்க. உங்களுக்கு எதுக்குங்க கூட்டு?"

மார்த்தா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நாடுகள் பல, சந்தை ஒன்று என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு நாட்டில் சோதித்து நல்லது என்று சொன்ன மிளகை, அடுத்த நாட்டில் மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அது பொருட்டே இல்லை. என் மில்லுக்கு அது மூச்சுத் திணறல். வெளியிலிருந்து மலிவாக வந்து குவியும் பொடியோடு போட்டி போடுவதற்கு முன்பே நாங்கள் களைத்துப் போகிறோம். எங்கள் தெருவில் மூன்று மில்கள் இருந்தன. இப்போது என்னுடையது மட்டும்தான்."

"அப்ப அந்த விதியவெல்லாம் எடுத்துரச் சொல்லுங்க."

"வேண்டாம். விதியே இல்லாவிட்டால் கலப்படம் செய்கிறவன்தான் ஜெயிப்பான். விதி இருக்கட்டும். சின்ன ஆளும் கடைப்பிடிக்கிற மாதிரி இருக்கட்டும்."

நான் தமிழில் சொல்லி முடித்ததும் சீரங்கன் தொடையில் தட்டினார். "இதானுங்க பேச்சு. இந்தம்மா நம்ம ஆளு."

அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பாவில் ஒரு விதியை மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்தது. இயற்கை முறையில் விளைந்தது என்று சொல்லி விற்க வேண்டுமானால், ஒவ்வொரு விவசாயியின் காட்டையும் வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் தனித்தனியாகப் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது வரைவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எங்கேயோ யாரோ பெரிய அளவில் ஏமாற்றியதால் வந்த யோசனை அது. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற மலைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனி ஆய்வு என்றால், அந்தச் செலவுக்கு அவருடைய மொத்த விளைச்சலும் போதாது. நாம் விழுந்துவிடுவோம். நம்மை நம்பி இருக்கிற மார்த்தாவின் மில்களும் பெரிய வியாபாரியிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தோம். குழுவை ஒன்றாக ஆய்வு செய்யுங்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் குழு பொறுப்பு. தவறு கண்டால் நாங்களே முதலில் சொல்வோம்.

அங்குள்ள அதிகாரிகளோடு வீடியோவில் பேச ஏற்பாடானது. அலுவலகத்தில் சிக்னல் நிற்காது. அதனால் வாசலூர்பட்டியில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். வெளியே டூரிஸ்டுகள் பாட்டு போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை அடைத்துவிட்டு, கஞ்சி போட்ட சட்டையோடு சீரங்கன் கேமராவின் முன்னால் உட்கார்ந்தார்.

"உங்கள் ஆட்கள் உண்மை சொல்வார்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது?" என்று ஒரு அதிகாரி கேட்டார்.

"ஐயா, ஆய்வாளரு வருசத்துல ஒருக்கா வருவாருங்க. நாங்க தெனமும் பாக்கறமுங்க. பக்கத்துக் காட்டுக்காரன் என்ன பண்றான்னு எங்க ஊர்ல தெரியாம இருக்காது. தப்புப் பண்ணுனது யாரா இருந்தாலும் நாங்களே சொல்லுவோம். இந்தச் சீரங்கனா இருந்தாலுஞ் சொல்லுவோம்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் கடைசி வரியை அவர்கள் ரசித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். ஓர் ஆண்டு சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று முடிவானது.

நம் பக்கத்து விதிகளை எழுத உட்கார்ந்தோம். சீரங்கன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மிளகில் ரசாயன மருந்தின் தடயம் இருந்தால் அந்த உறுப்பினர் மூன்று அறுவடைக்குக் கூட்டமைப்புக்கு வெளியே. நான் பேனாவை நிறுத்திக் கேட்டேன்.

"பக்கத்துக் காட்டுல அடிச்ச மருந்து காத்துல வந்து விழுந்திருந்தா?"

அவர் நன்றாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அப்படி ஒரு வழி உட்டம்னா, அடிச்சவனும் பக்கத்துக் காட்டு மேல சொல்லீருவான் மேடம். எப்படிங்க கண்டுபுடிப்பீங்க? தடயம் இருந்தா வெளிய. அவ்வளவுதான். சந்தேகமே வரக்கூடாது."

அதில் தவறு சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. அன்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. மார்த்தாவும் இந்த விதி தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். நீங்களும் ஒரு நாள் விதி எழுத உட்காருவீர்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத விதி எழுதும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நிம்மதி வரும்போது இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அந்த ஆண்டு மிளகு நன்றாக வந்தது. கப்பலில் இடம் பதிவாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு நாட்டு மிளகிலும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். தேவனூர் மாதிரியில் பூச்சிமருந்தின் தடயம் இருப்பதாகச் சொன்னார்கள். சீரங்கன் துடித்துப்போய்விட்டார். தன் நாட்டிலேயே இப்படியா என்று ஆத்திரம். "ஊடு ஊடா எடுத்துப் பாருங்க மேடம். யாரா இருந்தாலும் உடக்கூடாது" என்றார். ஒவ்வொரு வீட்டு மூட்டையிலும் தனித்தனியாக மாதிரி எடுத்து மறுபடி அனுப்பினேன்.

சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தபோது அலுவலகத்தில் நானும் கூட்டமைப்பு மேனேஜரும்தான் இருந்தோம். ஒரே வீட்டு மிளகில்தான் தடயம். சீரங்கன் வீட்டு மிளகு.

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலைக்காக இரவு பகல் பார்க்காமல் ஓடியவர். "அந்த மூட்டைகளைத் தனியா எடுத்து வெச்சிருவோம். மிச்சமெல்லாம் சுத்தம். சுத்தமான மிளகுதான் கப்பல்ல போகுது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. இதை வெளிய சொன்னா சோதனை ஆண்டே போச்சு. இத்தனை குடும்பமும் போச்சு. அந்த மனுசனும் போச்சு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை. இந்த வேலையில் உங்களுக்கு வரும் பெரிய நெருக்கடிகள் இப்படித்தான் வரும். அயோக்கியத்தனமான யோசனையோடு யாரும் வர மாட்டார்கள். நல்லவர் ஒருவர், நல்ல காரணத்தோடு, கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார். மூட்டையை எடுத்து வைத்தால் மிளகு சுத்தமாகிவிடும் என்பது உண்மை. தவறு கண்டால் நாங்களே சொல்வோம் என்று கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். அடுத்த ஆண்டு வேறொரு வீட்டு மூட்டை, அதற்கு அடுத்த ஆண்டு இன்னொன்று. எதை எடுத்து வைப்பது, எதைச் சொல்வது என்பதை நாங்கள் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்வோம். அதற்குப் பெயர் குழு இல்லை.

"தலைவர்கிட்டச் சொல்லாம நாம எதையும் முடிவு பண்ணக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போனபோது அவர் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி, மிச்சமிருந்த மிளகைப் பறித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவி வெள்ளையம்மாள், விழுந்த சரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீரங்கன் ஏணியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"போன் பண்ணீருந்தா நானே வந்திருப்பேனுங்களே. யாரு ஊட்டு மிளகுன்னு தெரிஞ்சு போச்சுங்களா?"

"எறங்கி வாங்க. சொல்றேன்."

இறங்கி வந்து இடுப்பில் கட்டியிருந்த பையை அவிழ்த்து வைத்தார். "சொல்லுங்க. யாரு?"

"உங்க ஊட்டுதுங்க."

அவர் சிரித்தார். நான் விளையாடுவதாக நினைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் மருந்தைக் கையால தொட்டதில்லீங்க மேடம்."

"எனக்குத் தெரியுங்க."

வெள்ளையம்மாள்தான் சொன்னார். "மேக்காட்டுல தக்காளிக்கு அடிக்கறாங்க இல்லீங்களா. காத்து இந்தப் பக்கம் திரும்புனா ஊட்டுக்குள்ள வரைக்கும் நாறுதுங்க. நான் இவர்கிட்ட அப்பவே சொன்னேன்."

மூன்று பேரும் மேலே ஏறினோம். சீரங்கனின் பங்காளி ஒருவர் தன் நிலத்தைச் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். சரிவு முழுக்கத் தக்காளி. வேலி ஓரத்தில் விதியில் சொன்னபடி, மருந்துக்குத் தடுப்பாகச் சீரங்கன் வாழையை வரிசையாக வைத்திருந்தார். பவர் ஸ்பிரேயரில் அடிக்கும்போது அந்த வாழை எந்த மூலைக்கு? மேலே இருந்து பனி மாதிரி இறங்கி, அவருடைய மரங்களுக்குள் புகுந்திருக்கிறது. வாழை இலைகளில் வெள்ளையாகத் தடம் காய்ந்து கிடந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இதைக் கூட்டத்துல சொல்லலாங்க" என்றேன். "எல்லாருக்கும் புரியும். நீங்க அடிக்கலைங்கறதுக்கு இந்த எலையே சாட்சி."

"விதியில அப்படி இல்லீங்களே மேடம்."

"விதிய மாத்தலாம்."

"மாத்தலாம். ஆனா இப்ப மாத்துனா எனக்காக மாத்துனதாப் போயிரும்." வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு நெசமாலுமே மருந்தடிச்ச ஒருத்தன் வந்து, தலைவருக்கு மட்டும் மாத்துனீங்களேன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? அந்த வெள்ளைக்கார அதிகாரி கேட்டா மார்த்தாம்மா என்ன சொல்லும்?"

வெள்ளையம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாம என்ன தப்புப் பண்ணுனம்னு வெளிய போகோணும்?" என்று அவரைக் கேட்டார். அவர் கீழே இறங்கி நடந்தார்.

செம்மேட்டுக் கிடங்கில் பொதுக்கூட்டம் போட்டோம். சீரங்கன் தானே எழுந்து, தேவனூரில் தடயம் இருந்தது தன் வீட்டு மிளகில்தான் என்று சொன்னார். மேல்காட்டு மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை நான் எழுந்து சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கூட்டம் கொந்தளித்தது. "அடிச்சவனை உட்டுப்போட்டுப் பட்டவனை வெரட்டுவீங்களா?" என்று ஒரு அம்மா கத்தினார். வேறு சிலர், நியாயம்தான், ஆனால் கப்பல் போகாவிட்டால் நம் கதி என்ன என்று முணுமுணுத்தார்கள். இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதிக் கைகலப்பு வரை போயிற்று.

சீரங்கன் குரலை உயர்த்தினார். "இங்க பாருங்க. நாம எல்லாருஞ் சேந்து இருக்கறதே ஒரு சொல்லு மேலதான். அந்தச் சொல்லு நாஞ் சொன்னது. நானே அதை உடைச்சா அப்புறம் இங்க எதுதான் நிக்கும்? நான் வாரேனுங்க." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்சப் பேர் பின்னால் ஓடினார்கள். அவர் ரோட்டில் நின்று அவர்களைத் திரும்பி உள்ளே போகச் சொன்னார்.

அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர் உள்ளே இருந்து வாதாடியிருந்தால் விதி சீக்கிரமே திருந்தியிருக்கலாம். கூட்டமைப்பு உடைந்தும் போயிருக்கலாம். அவருக்கு அதைப் பரிசோதித்துப் பார்க்கத் துணிச்சல் இல்லை என்று சில நாள் நினைப்பேன். அதுதான் துணிச்சல் என்று சில நாள் நினைப்பேன்.

அடுத்த வீடியோ கூட்டத்தில் மார்த்தா எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். ஒரு அதிகாரி உடனே, "தலைவரே மாட்டினார் என்றால் இந்தக் குழுவை எப்படி நம்புவது?" என்றார். இன்னொருவர், பெண்மணி, "இல்லை, இதனால்தான் நம்ப வேண்டும். இது நமக்கு எப்படித் தெரிந்தது? அவர்களே சொன்னதால்" என்றார்.

நான் பேச அனுமதி கேட்டேன். எங்கள் விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது, மருந்து அடித்தவரையும் மருந்து பட்டவரையும் அது பிரித்துப் பார்க்கவில்லை, உங்கள் வரைவிலும் அந்தப் பிரிவு இல்லை, நான் தேடிப் பார்த்தேன் என்றேன். தடயம் கண்டதும் தண்டிக்க வேண்டாம், முதலில் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கட்டும், பக்கத்துக் காட்டில் என்ன நடக்கிறது என்பதை ஆய்விலேயே கேட்கட்டும் என்றேன்.

அந்தப் பெண்மணி கேட்டார். "அந்த விவசாயி இப்போது என்ன செய்கிறார்?"

"சந்தையில் வியாபாரியிடம் விற்கிறார். அவருடைய மிளகை எல்லா மிளகோடும் கொட்டிவிடுவார்கள்."

பிறகு, பரிசீலிக்கிறோம் என்றார்கள். சோதனைக் காலத்தை நீட்டித்தார்கள். நம் மிளகு கப்பலேறியது.

பரிசீலனை என்றால் என்னவென்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். ஒரு வரைவு வரும். அங்குள்ள ஒரு நாட்டுக்காரர் மறுப்பார். இன்னொரு வரைவு வரும். நல்ல விதி என்பது பலர் கூடிப் பொறுமையாகச் செய்கிற காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போது மழை காத்திருக்காது.

அந்தப் பருவத்தில் மழை விடாமல் கொட்டியது. மிளகுக்கொடிகளில் வாடல் நோய் இறங்கியது. கூட்டமைப்பில் எல்லோருக்கும் வேரில் இடுவதற்கு, நோயைத் தடுக்கும் உயிர் உரம் கொடுத்தோம். சீரங்கனுக்கும் கொடுத்தனுப்பினேன். கொண்டுபோன ஆள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "வெளிய போனவனுக்கு உள்ள இருந்து குடுத்தா நாளைக்கு அதுவும் ஒரு கேள்வியா வருமுங்க. மேடத்துக்கு எதுக்குச் சங்கடம்னு சொல்லச் சொன்னாருங்க" என்றான். நானே எடுத்துக்கொண்டு போனேன். எனக்குக் காப்பித்தண்ணி கொடுத்தார், ஊர்க்கதை பேசினார், உரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் அவர் காட்டில் சில்வர் ஓக் மரங்கள் மொட்டையாக நின்றன. கொடி இருந்த இடத்தில் கறுத்த நாராகத் தொங்கியது. அவர் ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லுக்கு வேலைக்குப் போனார். மலையில் எத்தனையோ பேரை ஒன்றாக உட்கார வைத்த மனிதர், அங்கே கிழங்கு மாவை வெயிலில் கிண்டிக்கொண்டிருந்தார்.

ஒரு முறை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர்தான் என்னை முதலில் பார்த்துக் கூப்பிட்டார். இளைத்திருந்தார். கைமயிரில் மாவு ஒட்டியிருந்தது.

"விதிய மாத்தறாங்களாமுங்களா மேடம்?"

"பேசிட்டே இருக்காங்க."

"நிதானமாப் பேசட்டுமுங்க. அவசரத்துல எழுதுனா என்னாகும்னு நமக்குத் தெரியாதுங்களா." சிரித்தார். "மார்த்தாம்மா எப்படி இருக்குது?"

மார்த்தா தன் மில்லை மூடிவிட்டதை அவரிடம் சொன்னேன். கூட்டில் இருந்த மற்ற மில்கள் தாக்குப்பிடித்துவிட்டன. எல்லா மில்களும் சேர்ந்து ஒரே சோதனைக்கூடம் வைத்தன; அங்கே ஒருமுறை சோதித்தால் போதும் என்று எல்லா நாட்டு அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் மார்த்தாவால் முடியவில்லை. இயந்திரங்களை விற்றுவிட்டு, அதே கூட்டுச் சோதனைக்கூடத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தார்.

சீரங்கன் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவமுங்க" என்றார். "அது அதோட அப்பாரு நடத்துன மில்லுன்னு சொல்லுச்சுங்களே." பிறகு அவருடைய பஸ் வந்துவிட்டது.

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. மில் களத்தில் மாவு கிண்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். வேனில் மலைக்குக் கொண்டுவந்தார்கள். மலையின் எல்லா நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்பு ஒருவரையொருவர் நம்பாமல் இருந்த ஆட்கள், மாற்றி மாற்றித் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் ஒரு மரத்தடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மார்த்தா போனில் என் பெயரைச் சொன்னார், பிறகு வெள்ளையம்மாளைப் பற்றிக் கேட்டார்.

புதிய விதி அதற்குப் பிறகுதான் வந்தது. குழுவாக ஆய்வு செய்யலாம். தடயம் இருந்தால் முதலில் விசாரணை, பிறகுதான் தண்டனை. பக்கத்து நிலத்தைப் பற்றி ஆண்டுதோறும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நம்முடைய விதியையும் அதே மாதிரி திருத்தினோம். மேல்காட்டுக் குத்தகைக்காரரைக்கூட அழைத்துப் பேசி, கீழே மிளகு பறிக்கும் காலத்தில் மருந்து அடிப்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தோம். சொன்னால் கேட்கிற மனிதராகத்தான் இருந்தார். அதற்கு முன்னால் யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு அந்த மில்கள் பெரிய கம்பெனிகளுக்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று அறிக்கையில் எழுதலாம். நானே அப்படித்தான் எழுதினேன்.

வெள்ளையம்மாள் புதிதாகக் கொடி நட்டு, தன் பெயரில் உறுப்பினராகக் கேட்டார். முதல் ஆய்வுக்கு உங்களுக்கு முந்தைய தொகுதியில் சேர்ந்த ஒரு பெண் போனாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு. அவளுடன் நானும் போயிருந்தேன். கெட்டிக்காரப் பெண். சீரங்கனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். என்ன உரம், எந்தத் தண்ணீர், எத்தனை மரம். வெள்ளையம்மாள் தயங்காமல் பதில் சொன்னார்.

"பக்கத்துக் காட்டுல யாராச்சும் மருந்து அடிக்கறாங்களாம்மா? உங்க பக்கம் காத்துல கீத்துல வர வாய்ப்பிருக்குதுங்களா?"

வெள்ளையம்மாள் பதில் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்து அந்தப் பெண் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள்.

"கேக்குது கண்ணு" என்றார் வெள்ளையம்மாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னார். "மேக்காட்டுல அடிப்பாங்க. காத்து திரும்புனா இங்க வரும். எழுதிக்க."

அந்தப் பெண் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.